மூடு வராவிட்டாலும் வேலை நடக்கும்

யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஜெருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் புளிப்பில்லா அப்பம் சுடும் அடுமனைகளில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. கோதுமை மாவில் தண்ணீர் விழுந்த நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 18 நிமிடத்துக்குள் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, முள் உருளையால் துளை போட்டு, கொதிக்கும் அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும். அப்புறம் மேசைமேல் விரித்த காகிதத்தை மாற்றி, உருட்டுக்கட்டைகளை மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த மாவு. யூதச் சட்டப்படி, யாரும் கை வைக்காமல் 18 நிமிடம் சும்மா கிடந்த மாவு புளித்த மாவு. பண்டிகைக்கு ஆகாது.

அப்பத்துக்கான இந்த விதியை ரப்பிகள் என்ற யூத மதகுருக்கள் வாழ்க்கைக்கும் நீட்டினார்கள். கைக்கு வந்த நற்செயலைப் புளிக்க விடாதே என்கிறது பழைய யூத உரை ஒன்று. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நாம் சொல்வோமே, அதேதான்.

சரி, தள்ளிப்போடாதே என்று சொன்னால் யாராவது தள்ளிப்போடாமல் இருக்கிறார்களா? வருமான வரிக் கணக்கைக் கடைசி நாள் ராத்திரி வரை இழுத்தடிப்பவருக்குக் கடைசி நாள் எதுவென்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் உட்கார மாட்டேன் என்கிறார்?

நேரத்தைத் திட்டமிடத் தெரியாததுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. தள்ளிப்போடுவது அடிப்படையில் மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சி என்று ஃபூஷியா சிராய்ஸ், டிமொதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்ததும் சலிப்போ பயமோ ‘நமக்கு வராது’ என்ற எண்ணமோ எழுகிறது. வேலையை ஒத்திவைத்த அந்தக் கணமே மனசு லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைத்த பழக்கத்தை மூளை மறுபடியும் செய்யும்.

2001-ல் வெளியான ஒரு சோதனை இதை வேடிக்கையான விதத்தில் காட்டியது. மாணவர்களைச் சோகமான மனநிலைக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நேரத்தில் ஒரு தேர்வு இருக்கிறது, பயிற்சி செய்துகொள்ளுங்கள் என்றார்கள். அறையில் பொழுதுபோக்க ஏதேதோ கிடந்தன. சிலரிடம் மட்டும், இந்த வாசனை மெழுகுவத்தி எரியும்போது உங்கள் மனநிலை எதனாலும் மாறாது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார்கள். பொய் சொல்லப்படாத சோகக்காரர்கள், பொழுதுபோக்கு சுவாரசியமாக இருந்தால் அதிலேயே நேரத்தைக் கழித்தார்கள். மெழுகுவத்தியை நம்பியவர்களிடம் அந்தத் தள்ளிப்போடல் இல்லை. எப்படியும் மனசு மாறப்போவதில்லை என்றால் வேலையைத் தவிர்ப்பதில் லாபம் ஏது?

மதுப்பழக்கத்துக்கும் தள்ளிப்போடலுக்கும் உறவு இந்த இடத்தில்தான். இரண்டிலும் இப்போதைய வேதனையிலிருந்து தப்ப நாளைய நாளை விற்கிறோம். தள்ளிக் கிடைக்கும் பெரிய பரிசைவிட உடனே கிடைக்கும் சிறிய பரிசைப் பெரிதாக மதிப்பது எல்லா மனிதருக்கும் உள்ள குணம். போதைக்கு அடிமையானவர்களிடம் அது மிகவும் தீவிரமாக இருக்கிறது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களைப் பற்றி 1997-ல் வந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. கூடவே வருவது குற்றவுணர்வு. குடித்ததற்காக வெட்கம், வெட்கத்தை மறக்க மறுபடி குடி. படிக்காததற்காக வெட்கம், புத்தகத்தைப் பார்த்தாலே அந்த வெட்கம் ஞாபகம் வருவதால் மறுபடியும் படிப்பதில்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத்தானே திட்டித் தீர்ப்பது பொறுப்புணர்ச்சி மாதிரி தெரியலாம். நடைமுறையில் அது அடுத்த தள்ளிப்போடலுக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

குடியிலிருந்து மீள்பவர்கள் இதை ஆய்வகம் இல்லாமலே கண்டுகொண்டார்கள். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வணிகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் தொடங்கியது, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. குடியிலிருந்து மீள அது 12 படிகளை வகுத்திருக்கிறது. ‘இனி வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்’ என்று அங்கே சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் என்கிறார்கள். பெரிய பாரம் சிறியதானால் அதைப் பார்த்து வரும் பயமும் சிறியதாகிறது. 27 ஆய்வுகளையும் 10,000-க்கு மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்த 2020-ன் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, குடியை முழுமையாக விட்டிருப்பதில் இந்த 12 படி வழியிலான சிகிச்சை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பதாகச் சொன்னது.

யூதர்களுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. அமெரிக்காவில் பல கூட்டங்கள் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும். முடிவில் கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபம் சொல்வார்கள். இந்தத் தயக்கத்தை உடைத்ததில் பெரிய பங்கு ஆபிரகாம் ட்வெர்ஸ்கிக்கு (1930–2021) உண்டு. நீண்ட தாடி, கருப்பு அங்கி, ஹசிடிக் என்ற யூத பக்தி மரபின் ரப்பிகள் வம்சம்; கூடவே மனநல மருத்துவர். 1972-ல் பிட்ஸ்பர்க் பகுதியில் போதை மீட்பு மையம் தொடங்கிய அவர், 12 படிகளில் யூத மரபுக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். 1987-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘பெய்ட் தெஷுவா’ மையம் மீட்பையும் யூத வேதமான தோராவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது.

ட்வெர்ஸ்கி சொன்னதில் விஷயம் இருக்கிறது. மனந்திரும்புதலை 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் ஒரு வேலைப் பட்டியல் போலவே வகுத்தார்: செய்த தவறை வாய்விட்டுச் சொல், வருந்து, இனி செய்வதில்லை என்று முடிவெடு, பிறருக்குக் கெடுதல் செய்திருந்தால் நேரில் போய்ச் சமாதானம் செய். இதில் வருத்தம் ஒரு படிதான். அடுத்த படிக்கு நகர்ந்தே ஆகவேண்டும். 12 படிகளிலும் குறைகளை எழுதுவது, இன்னொருவரிடம் சொல்வது, ஈடு செய்வது என்று அதே ஓட்டம். ஹசிடிக் மரபில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான தான்யா என்ற நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மல்யுத்தத்தில் பலசாலியே ஆனாலும் சோம்பியவன் தோற்பான். சோகம் சோம்பலைக் கொண்டுவரும். ஆகவே பாவங்களுக்காக வருந்துவதை அதற்கென ஒதுக்கிய நேரத்துக்கு வைத்துக்கொள், வேலைக்கு நடுவே வேண்டாம் என்கிறது. கார்ல்டன் ஆய்வைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

தன்னைத்தானே கண்காணிப்பதிலும் யூத மரபும் 12 படிகளும் ஒன்றுபடுகின்றன. 1808-ல் மெண்டல் லெஃபின் என்ற யூத அறிஞர், அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்குணங்களுக்காகப் போட்ட கட்ட அட்டவணையை எடுத்து எபிரேயத்துக்குக் கொண்டுவந்தார். வாரத்துக்கு ஒரு குணம், தினமும் இரவு தவறிய இடத்தில் புள்ளி. 13 வாரம் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. லிதுவேனிய ரப்பி இஸ்ரேல் சாலண்டர் இதை மறுபதிப்பு செய்யவைத்து முசார் என்ற யூத ஒழுக்கப் பயிற்சி இயக்கத்தில் பரப்பினார். 12 படிகளில் பத்தாவதும் தினசரிக் கணக்கெடுப்புதான். 138 ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு பகுப்பாய்வு, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை எட்ட உதவுகிறது, எழுதி வைத்தாலோ பிறருக்குத் தெரியும்படி செய்தாலோ பலன் கூடுகிறது என்கிறது. மீட்புக் குழுக்களில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பயமுறுத்தும் வேலையைத் தொடுவதற்கு முன் ஸ்பான்சருக்கு, அதாவது வழிகாட்டும் மூத்த உறுப்பினருக்கு, ஒரு போன்: ‘இப்போ வங்கிக் கடிதத்தைப் பிரிக்கப்போறேன்.’ பிரித்தபின் இன்னொரு போன். நடுவில் நழுவிப்போக இடமில்லை.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது கடிகாரம். பக்தியுள்ள யூதரின் நாள் மூடைக் கேட்டு நடப்பதில்லை. காலையில் ஷெமா ஜெபத்தை, பகலைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் வரும் முதல் மூன்று பங்குக்குள் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை, பல சமூகங்களில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது, ஓய்வுநாள் விளக்கு ஏற்றியாக வேண்டும். குழம்பு கொதித்ததோ இல்லையோ, சூரியன் காத்திருக்காது. ‘ஓய்வு கிடைக்கும்போது படிக்கிறேன் என்று சொல்லாதே, கிடைக்காமலே போகலாம்’ என்றார் பழங்கால ரப்பி ஹில்லேல். ‘எப்போது, எங்கே’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுவதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளைக் கழித்ததைப் பற்றி இரண்டு நாளுக்குள் எழுதித் தரும்படி மாணவர்களிடம் கேட்டபோது, நேரமும் இடமும் குறித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான். மணி அடித்தால் உட்காருவது என்று ஆகிவிட்டால், ‘இப்போ தோணுதா’ என்ற கேள்வியே எழாது. தப்பிக்கும் வழி திறப்பதே அந்தக் கேள்வியில்தான்.

மதுவைச் சுத்தமாக விட்டுவிடலாம், வேலையை ஒத்திப்போடுவதை அப்படி விட முடியாது. சில வேலைகளை ஒத்திப்போடுவதுதான் சரி. அதனால் தள்ளிப்போடலுக்கென்றே 12 படிகளைக் கடைப்பிடிக்கும் குழுக்களில், எதை விட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தனக்கென்று வரையறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு அது பிரிக்காத கடிதங்கள், இன்னொருவருக்கு இரவு முழுக்கக் கைபேசி. கவனக்குறைபாடோ மனச்சோர்வோ அடியில் இருந்தால் ஜெபமும் கட்டப் புத்தகமும் மட்டும் போதாது, மருத்துவரும் வேண்டும். ட்வெர்ஸ்கியே ரப்பியாக இருந்தும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்தான்.