பெரிய ஹீட்டர் வாங்கும் முன் பரண் மூடியைப் பாருங்கள்

குளிர் இறங்கத் தொடங்கியதும் என் போன் ஓயாது. வீடுகளில் ஹீட்டர், பாய்லர் சர்வீஸ் செய்வதும், உள்ளே இருக்கும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று கண்டுபிடிப்பதும் என் வேலை. அழைக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "ஹீட்டர் ராத்திரி பகலா ஓடுது, பில்லும் ஏறிட்டே போகுது, ஆனா வீடு சூடாகவே மாட்டேங்குது. பெரிய ஹீட்டரா மாத்திடலாமா?"

அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஹீட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கும். அது தரும் சூட்டைப் பிடித்துவைக்க வீட்டால் முடியவில்லை. குடத்தில் ஓட்டை இருக்கும்போது குழாயைப் பெரிதாக்கி என்ன பயன்?

ஒரு வயதான தம்பதி வீட்டுக்குப் போயிருந்தேன். சேமிப்பை எடுத்து முன்பக்க ஜன்னல்களையெல்லாம் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களாக மாற்றியிருந்தார்கள். அப்படியும் அந்த அம்மா கூடத்தில் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாசக்கதவு வழியாத்தான் தம்பி குளிர் வருது, அடியில துணி வெச்சும் நிக்கல" என்றார். கதவடியில் கை வைத்தால் காற்று கத்தி மாதிரி வந்தது. நான் கதவை விட்டுவிட்டு மாடிக்குப் போய், நடைக்கு மேலே, கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் உள்ள பரணுக்கு ஏறும் மூடிக்குக் கீழே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தேன். புகை கொஞ்சம்கூட அலையவில்லை. ஒரே கோடாக மேலே போய் மூடியின் ஓரத்தில் நுழைந்து காணாமல் போனது. மூடி என்பது ஒரு மெல்லிய பலகை, அவ்வளவுதான். சட்டத்தின் மேல் சும்மா கிடந்தது. ஒரு பக்கம் விரல் நுழையும் அளவு இடைவெளி.

இதில் நடப்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் உங்கள் வீட்டை நீங்களே சோதித்துவிடலாம். சூடான காற்று இலேசானது. அது மேலே ஏறும், மேலே வழி இருந்தால் வெளியே போய்விடும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே எங்கே சந்து இருக்கிறதோ அங்கிருந்து வெளிக்காற்றை வீடு உறிஞ்சும். குளிர்காலத்தில் வீடு முழுக்க ஒரு புகைபோக்கி மாதிரிதான் வேலை செய்கிறது. அந்த அம்மாவின் காலைச் சில்லிட வைத்தது வாசற்கதவின் இடுக்கு என்றாலும், அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுத்தது மாடியில் இருந்த பரண் மூடி. சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, பலகையின் மேல்பக்கம் சூட்டைத் தடுக்கும் தடித்த இன்சுலேஷன் பலகை பதித்து, மூடி அழுந்தி உட்கார இரண்டு கொக்கி போட்டேன். ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டுக் கீழே வந்து கதவடியில் கை வைத்தபோது காற்று பாதியாகியிருந்தது. கதவை இன்னும் தொடவே இல்லை.

அதனால் மேலிருந்து கீழே வாருங்கள். பரண் மூடி, உட்கூரையில் பதித்த விளக்குகள், குழாய்களும் ஒயர்களும் கூரையைத் துளைத்துப் போகும் இடம் எல்லாம் முதலில். (பதித்த விளக்குகளை மட்டும் நீங்களாக எதையும் வைத்து மூடாதீர்கள். சில வகை விளக்குகள் சூடேறித் தீப்பிடிக்கும்.) அப்புறம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் துளை, ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் கோடு, கடைசியாகக் கதவுகள். கதவடிச் சந்தை அலட்சியமாகவும் நினைக்க வேண்டாம். 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் கீழே 3 மில்லிமீட்டர் சந்து இருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 27 சதுர சென்டிமீட்டர். சுவரில் 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சதுரமாக ஓட்டை போட்டு இரவெல்லாம் திறந்துவைப்பதைவிடச் சற்றே அதிகம்.

சோதிக்க நல்ல நாள், குளிரோடு காற்றும் அடிக்கிற நாள். ஜன்னல் கதவுகளை மூடிவிட்டு ஊதுபத்தியோடு மெதுவாக வீட்டைச் சுற்றி வாருங்கள். திரைச்சீலை பக்கம் கவனம். ஜன்னல் கதவின் ரப்பர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், தடையில்லாமல் வழுக்கி வந்துவிட்டால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம்.

பரணில் கம்பளி மாதிரியான இன்சுலேஷன் விரிக்கப் போகிறீர்கள் என்றால், துளைகளை அடைத்த பிறகுதான் விரிக்க வேண்டும். கம்பளி சூட்டைத் தடுப்பது தன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால்தான். கீழிருந்து காற்று ஊடுருவிக்கொண்டே இருந்தால் அது பாதி வேலைகூடச் செய்யாது. மேலே பெட்டிகளை அடுக்கி அழுத்தினாலும் அப்படித்தான். இன்னொன்று, பரணில் இன்சுலேஷன் போட்டதும் அதற்கு மேலே உள்ள இடம் முன்பைவிடக் குளிரும். அங்கே தண்ணீர்த் தொட்டியோ குழாயோ இருந்தால் அவற்றுக்கும் உறை போட மறக்காதீர்கள்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். வீட்டில் அடைக்கவே கூடாத ஓட்டைகள் உண்டு.

கேஸ் ஹீட்டர், விறகடுப்பு, பழைய வகை பாய்லர் எதுவானாலும், எரிவதற்குக் காற்றை அறையிலிருந்தே எடுக்கிறது என்றால் அந்த அறைக்குக் காற்றுத் துவாரம் இருந்தே ஆக வேண்டும். ஒரு வீட்டில் மகன், அப்பாவின் அறையில் குளிர்காற்று வருகிறது என்று சுவரில் இருந்த துவாரத்தில் பழைய துணியைத் திணித்து மேலே டேப் ஒட்டியிருந்தார். அன்பினால் செய்த காரியம். அப்பாவுக்குச் சில நாட்களாகக் காலையில் எழுந்தால் தலைவலி, குமட்டல். வெளியே நடந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். வயசாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் போனது ஹீட்டர் சர்வீஸுக்கு. சுடர் நீலமாக இல்லை, மஞ்சளாகச் சோம்பி எரிந்தது. மேலே சுவரில் கரி படிந்திருந்தது. துணியைப் பிடுங்கி எறிந்து, கேஸை அடைத்து, ஜன்னலைத் திறந்தபோது என் கை நடுங்கியது. இன்னும் சில இரவுகள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வீட்டில் எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும், படுக்கையறைக்குப் பக்கத்தில் கண்டிப்பாக. மாதம் ஒருமுறை அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எரிகருவியையும் புகைக்குழாயையும் தெரிந்தவர் ஒருவர் சோதிக்கட்டும். கரி அடுப்பை வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள், சமையல் அடுப்பைக் குளிர் காய மூட்டாதீர்கள். பணம் மிச்சம் பிடிக்கும் வழிகளில் இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

சரி, கருவிக்கு வருவோம். ரேடியேட்டர், அதாவது பாய்லரின் சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடு, மேலே ஜில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று நின்றிருக்கிறது. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, ஓரத்தில் உள்ள சிறு திருகைச் சாவியால் கால் சுற்றுத் திறந்தால் 'உஸ்' என்று காற்று வரும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள், ஆறியிருக்கும்போது பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். மேலே சூடாக இருந்து கீழே நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் அது காற்று அல்ல, சேறு. அதற்கு ஆள் வேண்டும்.

கண்டென்சிங் பாய்லர் வைத்திருப்பவர்களுக்குக் காசே செலவில்லாத ஒரு மிச்சம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அந்த வகை பாய்லர், புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். பல வீடுகளில் போகும் தண்ணீரையே 75, 80 டிகிரியில் விட்டுவைத்திருக்கிறார்கள். அதை 60க்குக் குறைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் தொட்டால் முன்பு போல் சுடாது, ஆனால் அறை சூடாகும், கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும். கடுங்குளிர் நாட்களில் போதவில்லை என்றால் ஏற்றிக்கொள்ளலாம். குளியல் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில் அந்தத் தொட்டியின் சூட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

காற்றை ஊதும் ஹீட்டர் என்றால் மாதாமாதம் ஃபில்டரைப் பாருங்கள். ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தரும் கருவி) என்றால் வெளியே நிற்கும் பெட்டியைச் சுற்றி இலைகளையும் பனியையும் அகற்றுங்கள்.

வீடு எத்தனை டிகிரி சூடாக வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தப்பான நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன. 28இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது ஒன்று. சாதாரண பாய்லர் 20க்கும் அதே வேகத்தில்தான் ஓடும், 28 வைத்தால் நிறுத்தாமல் ஓடும். இரவில் குறைத்தால் காலையில் மறுபடி சூடேற்ற அதிகம் செலவாகும் என்பது இன்னொன்று. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் குறையக் குறைய வீடு இழக்கும் சூடும் குறையும், எனவே குறைத்து வைத்த ஒவ்வொரு மணி நேரமும் மிச்சம்தான். ஹீட் பம்பும், மெதுவாகச் சூடேறும் தரைவழிச் சூடாக்கமும் மட்டும் விலக்கு, அவற்றைச் சீராக விடுவதே நல்லது. ஒரு டிகிரி குறைத்தால் சூடாக்கும் செலவில் ஏறக்குறைய 7% குறையும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் சொன்னது. அதற்காகக் குறைத்துக்கொண்டே போக வேண்டாம். குளிர்ந்த நாடுகளின் வீடுகளுக்கு 18 டிகிரி என்பதை உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. முதியவர்கள், குழந்தைகள், நெடுநாள் நோயாளிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கூடுதல் சூடு தேவைப்படும்.

'குறைந்த கரண்டில் அதிக சூடு' என்று விற்கும் சின்ன மின்சார ஹீட்டர்களை நம்பாதீர்கள். 1500 வாட் ஹீட்டர் எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட், தரும் சூடும் அதே அளவு. ஒரே அறையில் கொஞ்ச நேரம் உட்காரப் பயன்படும். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், திரைச்சீலைக்கு ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

குழாய்களையும் ஒரு பார்வை பாருங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9% பெருகும், குழாய் வெடிப்பது அதனால்தான். வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய்களுக்கு உறை போடுங்கள். தண்ணீரை முழுதாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது, திருகினால் திரும்புகிறதா என்று வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை பார்த்துவையுங்கள்.

அடைப்பு வேலையைக் குளிர் முற்றுவதற்கு முன் முடிப்பது நல்லது. உறைபனியில் ரப்பர் பட்டையின் பசை பிடிக்காது, சந்தை அடைக்கும் சீலன்ட் பசையும் சரியாக இறுகாது. என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒன்று சொல்கிறேன்: நான் வருவதற்கு முந்தின நாள் ஊதுபத்தியோடு சுற்றி வாருங்கள், புகை வளைகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். அந்தக் குறிகளிலிருந்துதான் நான் வேலையைத் தொடங்குவேன்.