கோழித் தீவனமும் குதிரையின் இதயமும்

குதிரை லாயத்தில் இரண்டு சேவல் வளர்க்கலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னால், குளம்பைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் எச்சரிப்பார்கள். சேவல் மிதிபட்டுச் செத்துவிடும் என்பார்கள். அப்படி நடப்பதும் உண்டுதான். ஆனால் லாயத்துக்குப் பழகிய சேவல், குதிரை கால் மாற்றி நிற்பதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். எனக்குப் பயம் வேறொன்றின் மேல்: மூலையில் வாய் கட்டாமல் சாய்த்து வைத்திருக்கும் கோழித் தீவன மூட்டையின் மேல்.

கோழிக்குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் நோய்களில் ஒன்று இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடல் சுவருக்குள் புகுந்து பெருகுவதால் வருவது. அதை அடக்கப் பல குஞ்சுத் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது அது. அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. மோனென்சின் மூலக்கூறு ஒரு சோடியம் அயனியைத் தன் நடுவில் பொதிந்துகொள்ளும். அதன் வெளிப்புறம் கொழுப்போடு ஒத்துப்போவது. அதனால் கொழுப்பாலான செல் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே சென்று சோடியத்தை இறக்கிவிடும். உயிருள்ள எந்தச் செல்லும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. மோனென்சின் வந்துவிட்டால், ஓட்டைத் தோணியில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிற கதைதான். ஒட்டுண்ணி இறைத்து இறைத்துச் சக்தி இழந்து, வீங்கிச் செத்துப்போகிறது.

இதே வேலை குதிரையின் இதயத்தில் நடந்தால்? இதயத் தசைச் செல் ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியத்தை உள்ளே விட்டு, மறுபடி வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்கான விசை, வெளியே நிறையவும் உள்ளே குறைவாகவும் இருக்கும் சோடியத்திலிருந்து வருகிறது. சோடியம் உள்ளே ஏறிவிட்டால் அந்த விசை தளர்கிறது, கால்சியம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது, செல் மடிகிறது. மடிந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை, அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். பிழைத்த குதிரை, மாதங்கள் கழித்து ஓட்டத்தின் நடுவே சுருண்டு விழக்கூடும் என்பது இதனால்தான்.

இந்த மருந்தை உடலிலிருந்து கழிப்பதில் குதிரை மிகவும் மெதுவானது. பாதிக் கோழிகளைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம். குதிரைக்கு அதே கணக்கு 2 முதல் 3 மில்லிகிராம். 400 கிலோ குதிரைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் போதும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் கலந்த தீவனம் என்றால் பத்துக் கிலோ ஆகிறது. ஆகவே ஒரு கை தீவனம் சிந்தியதற்கு அலற வேண்டியதில்லை. ஆனால் இதயத்தின் சேதம் சாகும் அளவை எட்டும்வரை காத்திருப்பதில்லை. கலவை சரியாகக் கலக்காத மூட்டையில் மருந்து ஓரிடத்தில் திரண்டும் கிடக்கலாம். தவிர, மூட்டையை உடைத்த குதிரை அளவோடு நிறுத்துகிற பிராணி அல்ல. அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. மருந்தே கலக்காத தானியம்கூட வயிறு முட்டத் தின்றால் கடும் வயிற்றுவலியிலும் குளம்பு அழற்சியிலும் கொண்டுபோய் விடும். முறிமருந்து கிடையாது. தின்றுவிட்டது என்று தெரிந்தால், வியர்வைக்கும் தள்ளாட்டத்துக்கும் காத்திருக்காமல், மூட்டைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

சீட்டில் மோனென்சின், அதே வகையைச் சேர்ந்த சாலினோமைசின், லசாலோசிட் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். இருந்தால் அந்த மூட்டை லாயத்துக்குள் வரக்கூடாது. வளர்ந்த சேவலுக்கு அது பெரும்பாலும் தேவையும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுண்ணியைச் சந்தித்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். முட்டைக் கோழித் தீவனத்தையும் தவிர்க்கலாம். அதில் முட்டை ஓட்டுக்காக 4 சதவீதம் வரை கால்சியம் சேர்க்கிறார்கள். முட்டையே இடாத சேவலின் சிறுநீரகத்துக்கு அது வீண் சுமை.

மற்றபடி லாயம் சேவலுக்குப் பிடித்த இடம்தான். லத்தியைக் கால்களால் வாரி, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். பிறகு ஒரே கொத்து. ஈப்புழு ஒன்று போய்விட்டது. ஆனால் இரவில் அது அடையும் கட்டை, குதிரையின் தீவனத் தொட்டிக்கு மேலே இருக்கக்கூடாது. எச்சம் விழும், அதில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். கோழிச்செல் என்னும் சிற்றுண்ணி இன்னொரு தொல்லை. பகலில் மர இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்க வரும் இந்தச் சிறு உயிரி, வெப்பமான நாட்களில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறையை உண்டாக்கிவிடும். பக்கத்தில் நிற்கும் குதிரையையும் அது விடாது. குதிரை இரவெல்லாம் காலை உதைத்துக்கொண்டிருந்தால் கட்டையின் அடிப்பக்க இடுக்குகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

சேவலின் கூவலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தொடர்பை எல்லோரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் சேவல்களைத் தொடர்ந்து மங்கிய வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். விடியலே இல்லாதபோதும் அவை ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியில், தங்கள் உள்கடிகாரப்படி கூவின. திடீர் வெளிச்சத்துக்கும் பிற சேவலின் குரலுக்கும் கூவத்தான் செய்யும், ஆனால் கடிகாரம் விடியலை நெருங்கும் வேளையில் அந்தத் தூண்டல் பலமாக வேலை செய்யும். பின்னிரவில் குதிரையைப் பார்க்கப் போய் விளக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும். 2015-இல் அதே குழுவினர், கூட்டத்தில் மூத்த இடத்தில் இருக்கும் சேவலே முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் வரிசையில் தொடர்கின்றன என்று கண்டார்கள். உங்கள் இரண்டு சேவல்களில் யார் பெரியவர் என்று அறிய விடியலுக்கு முன் காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

ஒரு சேவல் உங்கள் காலருகே ஒற்றைச் சிறகைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சிறு அடி வைத்து வட்டமிட்டால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். உங்களையும் அந்த வரிசையில் வைத்து அளக்கிறது அது. அடுத்து வருவது காலிலுள்ள முள்ளாக இருக்கலாம். வெளியே நகப்பொருள் உறை, உள்ளே எலும்பு, ஆகவே காயம் ஆழமாகவே இருக்கும். பகலில் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். குதிரையின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, இருட்டிலும் அதற்கு ஓரளவு தெரியும். சேவலின் கண்ணில் அது இல்லை. பகலில் நம்மைவிட அதிக நிறம் காணும் அந்தக் கண்ணுக்கு இரவில் அநேகமாக எதுவும் தெரிவதில்லை. இருட்டியதும் அடைந்திருக்கும் கட்டைக்குப் போய், இரு கைகளாலும் சிறகோடு சேர்த்து மெதுவாக எடுத்தால் பேசாமல் வந்துவிடும். முதலில் குதிரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். திடுக்கிட்டால் உதைக்கக்கூடியது அதுதான்.