தானாக நகரும் ஸ்டிக்குக்கு எண்ணெய் மருந்தல்ல

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனி, ஆடி பிறந்தால் ஜாய்ஸ்டிக் வரத்து கூடிவிடும். (கேம் கன்ட்ரோலர் என்பதே சரி, ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வாயில் அது ஜாய்ஸ்டிக்தான்.) ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்று பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுச் சும்மா போவதில்லை. வீட்டுக்குள் ஒரு படலம் தூசியும் போட்டுவிட்டுத்தான் போகும்.

போன ஆடியில் பணகுடியிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். "அண்ணாச்சி, நான் கையே வைக்கல. ஆளு தானா இடது பக்கம் நடக்கான்" என்றான். வைரஸாக இருக்குமோ என்பது அப்பாவின் சந்தேகம். திறந்து பார்த்தேன், எண்ணெய் வாடை. "தையல் மிஷினுக்கு விடுறதுதான், ரெண்டு சொட்டு விட்டேன். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த இரண்டு நாள்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளுகிறோமே, அந்த ஸ்டிக்கின் அடியில் இரண்டு சின்னப் பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இட வலத்துக்கு, இன்னொன்று மேல் கீழுக்கு. உள்ளே கார்பன் பூசிய தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். அது நிற்கிற இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும், அதைத்தான் சிப் படிக்கிறது. தடம் தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ, கையை எடுத்த பிறகும் அளவு நடுவுக்கு வராது. நாம் தள்ளுகிறோம் என்றே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். ஆக, இது கிரீச்சிடும் கதவுக் கீல் அல்ல, மின்சாரத் தொடர்பு. எண்ணெய் விட்டால் அழுக்கு கொஞ்சம் விலகும், அப்புறம் புதுத் தூசியோடு குழைந்து பசையாகி, தேய்மானத்தை இன்னும் கூட்டும். கொரோனா காலத்தில் மிச்சமான சானிடைசரும் வேண்டாம். அதில் தண்ணீர் உண்டு, பலவற்றில் கிளிசரினும் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கோளாறு உண்மையா என்று பாருங்கள். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து 'ஜாய் டாட் சிபிஎல்' (joy.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டி, உங்கள் கன்ட்ரோலரின் பிராப்பர்ட்டீஸுக்குப் போனால் ஒரு கட்டத்துக்குள் சிறிய கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கைச் சுழற்றிவிட்டு விடுங்கள். குறி நடுவுக்கு அருகில் நின்றால், விளையாட்டுகளை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் செயலியிலோ விளையாட்டின் செட்டிங்ஸிலோ டெட்ஸோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாலே போதும். நடுவைச் சுற்றி அந்த அளவு அசைவைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்வதுதான் டெட்ஸோன். ஃபுட்பால் ஆடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. குறிபார்த்துச் சுடுகிறவருக்கு நுண்ணிய அசைவு போய்விடும், அவர் அளவாக வைக்க வேண்டும்.

அதிலும் அடங்காவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்பாகங்களைச் சுத்தம் செய்கிற 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு ஸ்டிக்கின் அடியில் விட்டுச் சுழற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். தூசிதான் காரணம் என்றால் சரியாகிவிடும். சில நாளில் திரும்ப வந்தால் தடம் தேய்ந்துவிட்டது, மாட்யூலையே, அதாவது ஸ்டிக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களும் சேர்ந்த பாகத்தையே, மாற்ற வேண்டியதுதான். பெரும்பாலான மாடல்களில் பதினான்கு கால்களைச் சால்டரிலிருந்து விடுவிக்க வேண்டும். யூடியூப் பார்த்து இழுத்து, போர்டின் செம்புத் தடத்தோடு பிய்த்துக்கொண்டு வருகிறவர்களிடம் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. மாற்றுவதென்றால் ஹால் எஃபெக்ட் மாட்யூல் கேளுங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் அங்கே உரசும் தடமே இல்லை. புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலின் ஸ்டிக்கிலேயே இது இருந்தது.

"பட்டனே வேலை செய்யலை" என்று வருவதில் பாதி, ரிப்பேரே அல்ல. கன்ட்ரோலர் விண்டோஸோடு பேசும் முறைகளில் ஒன்று எக்ஸ்இன்புட்; புதிய விளையாட்டுகள் பல அதைத்தான் எதிர்பார்க்கும். லாஜிடெக் எஃப்310 போன்றவற்றில் எக்ஸ், டி என்று ஒரு சுவிட்ச் உண்டு, அது எக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் என்றால் ஸ்டீமின் செட்டிங்ஸில் ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்யுங்கள், பட்டன்களை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது.

பணகுடிப் பையனுக்கு இடது மாட்யூலை மாற்றிக் கொடுத்தேன். விளையாடாதபோது சன்னல் ஓரம் வைக்காமல் ஒரு துணிப்பையில் போட்டு வைக்கச் சொன்னேன். பரீட்சைக் காலத்தில் மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் ஏஏ பேட்டரிகளையும் கழற்றி வைக்கச் சொன்னேன். "அது எப்படியும் எங்கிட்டதான் இருக்கும்" என்றார் அப்பா.