ஊசி படக்கூடாத கை

சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவருக்குச் சோர்வு வருகிறது, பசி மந்தமாகிறது, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ இருப்பவர் உடனே ஊர்க் கிளினிக்குக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வார். தெம்பு வந்தது போலத் தோன்றும். பத்து நாளில் மறுபடியும் போவார். ஊசி ஏற்ற வசதியான இடம் முன்கையில் புடைத்துத் தெரியும் சிரை என்பதால், ஒவ்வொரு முறையும் அதிலேயே குத்துவார்கள். பின்னாளில் அவர் டயாலிசிஸுக்கு வரும்போது நாங்கள் தேடுவதும் அதே சிரையைத்தான். தடவிப் பார்த்தால் கயிறு போல இறுகிக் கிடக்கும், அதில் ரத்தம் ஓடாது.

தருமபுரியில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் எனக்கு இதைப் போல வேதனை தருவது வேறில்லை. கெட்டுப்போன சிறுநீரகத்தை எங்களால் மீட்க முடியாது. ஆனால் அந்தச் சிரையைக் காப்பாற்றியிருக்கலாம்.

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. 4 மணி நேரத்தில் 70 லிட்டருக்கு மேல் ஓடிவிடும். சாதாரணச் சிரை இதற்குத் தாங்காது. அதனால் மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ இதயத்திலிருந்து வேகமாக ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சிரையோடு இணைத்துத் தைக்கிறார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை விரிந்து, சுவர் தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும் நிலைக்கு வரும். இதுதான் ஃபிஸ்டுலா. நியூயார்க் மருத்துவர்கள் 1966இல் இந்த முறையை வெளியிட்டார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை.

தைத்த மறுநாளே இதில் ஊசி போட முடியாது. முதிர்ச்சியடைய 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும். சிலருக்கு முதல் ஃபிஸ்டுலா வளராமலே போய், வேறிடத்தில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஆகவே டயாலிசிஸ் தேவைப்படும் முன்பே செய்துவிட வேண்டும். ஆனால், "ஃபிஸ்டுலா போட்டுவிட்டால் டயாலிசிஸ் உறுதியாகிவிடும்" என்ற பயம் இங்கே பலருக்கு இருக்கிறது. நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கிறோம், மாங்காய் சீசன் முடியட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஃபிஸ்டுலா சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. தள்ளிப்போட்டவர் ஒருநாள் இரவு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறி வருவார். அப்போது கழுத்தில் குழாய் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

கழுத்துக் குழாய் அவசரத்துக்கு உயிர் காக்கும். ஊசி வலி இல்லை என்பதால் சிலர் அதையே வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தோலைத் துளைத்து இதயத்துக்கு அருகில் போகும் குழாய் அது, கிருமிக்கு நேர்வழி. டயாலிசிஸ் தொடங்கிய சற்று நேரத்தில் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள், அங்கேயே சொல்லுங்கள். வீட்டில் இருக்கும்போது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். குழாய் நீண்ட நாள் இருந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரை சுருங்கும். பிறகு அந்தப் பக்கம் ஃபிஸ்டுலா செய்தால் கை முழுவதும் வீங்கிவிடும்.

இனி, ஃபிஸ்டுலா இருப்பவர்களுக்கு. தினமும் காலையில் எழுந்ததும் அதன்மேல் விரல் வையுங்கள். கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது என்று பொருள். அடுத்த டயாலிசிஸ் நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், அன்றே போன் செய்யுங்கள். ஓரிரு நாளுக்குள் வந்தால் அடைப்பை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அதற்குச் சேலமோ பெங்களூரோ போக நேரலாம் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் நேரத்தில்தான் பலருக்கு அடைத்துக்கொள்கிறது. தேன்கனிக்கோட்டை போல மலைப்பக்கம் இருப்பவர்கள் வெகுநேரம் பஸ்ஸில் போகிறார்கள். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்காதீர்கள், பையை அதில் மாட்டாதீர்கள். வீடு சேர்ந்ததும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், கோயில் கயிறு எதுவும் அந்தக் கையில் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும் மற்றக் கையில்தான்.

"தம்பி, பழைய இடத்திலேயே குத்துப்பா, அங்கேதான் வலிக்காது" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்த இடம் மரத்துப் போயிருப்பது உண்மைதான். ஆனால் அங்கேயே குத்திக் குத்திச் சுவர் மெலிந்து பலூனாக வீங்கும். மேல்தோல் பளபளவென்று நைந்துவிடும். நாங்கள் இடம் மாற்றிக் குத்துவது அதனால்தான். அப்படி மெலிந்த இடத்தில் பொருக்கு உடைந்து ரத்தம் பீறிட்டால், துண்டை மேலும் மேலும் சுற்றாதீர்கள். உள்ளே கொட்டுவது வெளியே தெரியாது. ரத்தம் வரும் புள்ளியின் மேல் விரலால் அழுத்தமாகப் பிடித்து, கையை உயர்த்தி, 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே, எழுதும் பழக்கமில்லாத கையை ஒதுக்கிவிடுங்கள்; பெரும்பாலோருக்கு அது இடது கை. முன்கையில் ஊசி போட வந்தால், "எனக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது, புறங்கையில் போடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சிறுநீர் குறைந்தவருக்கு அந்த நீரே நுரையீரலில் போய்ச் சேரும். கிளினிக் நடத்தும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் இதையேதான் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு கையிலும் சிரை கெட்டுப் போனவர்கள் மனம் தளர வேண்டாம். தொடையில் செயற்கைக் குழாய் பொருத்தலாமா என்று மருத்துவர் பார்ப்பார். வயிற்றில் திரவம் ஏற்றி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.