ஊட்டிக் குளிரில் சூடேறாத எஞ்சின்

உதகமண்டலத்தில் உறைபனி விழும் மாதங்களில் எங்கள் பணிமனைக்கு ஒரு வகைக் கார்கள் தவறாமல் வந்து சேரும். அவற்றின் உரிமையாளர்கள் எஞ்சினைப் பற்றிக் குறையே சொல்வதில்லை. ஹீட்டரில் சூடு வரவில்லை என்பார்கள், அல்லது மைலேஜ் விழுந்துவிட்டது என்பார்கள். சென்ற ஜனவரியில் ஒருநாள் காலை, தலைகுந்தாவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய பெட்ரோல் காரை அப்படித்தான் கொண்டுவந்தார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய வண்டி 11க்கு இறங்கிவிட்டது என்றும், ஹீட்டரை முழுவதும் திறந்தாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது என்றும் சொன்னார். "மற்றபடி எஞ்சின் அருமையாக இருக்கிறது தம்பி. டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறினதே இல்லை" என்று அவர் மனநிறைவோடு சேர்த்துச் சொன்னபோதே பழுது எங்கே இருக்கும் என்று எனக்குப் பெரும்பாலும் தெரிந்துவிட்டது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வழியில் பானெட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, எஞ்சின் சூடாகிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. அந்த அச்சத்தினாலேயே முள் தாழ்ந்திருப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இன்றைய கார் எஞ்சின்கள் பெரும்பாலும் 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றிச் சூட்டை ஏந்திச் செல்லும் திரவம்) வெப்பத்தில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளி, ஆயிலின் தடிமன், எஞ்சின் கணினி கணக்கிடும் பெட்ரோலின் அளவு என எல்லாமே அந்த வெப்பத்தை மனத்தில் வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. 60 டிகிரியிலேயே நின்றுவிடும் எஞ்சின், ஓட்டுபவருக்கு எந்தத் தொல்லையும் கொடுக்காமல் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும்.

கூலன்ட் குளிர்ந்திருப்பதாக உணரி தெரிவிக்கும்வரை, கணினி எஞ்சின் இன்னும் காலைக் குளிரில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் அந்தப் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே ஒட்டி, சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் போய்ச் சேர்கிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. சூடான எஞ்சினில் இந்த இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் அவை ஆயிலோடு கலந்து தங்கிவிடும். ஆசிரியரின் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது, அதன் உட்புறத்தில் பால் கலந்த டீயின் நிறத்தில் குழம்பு போன்ற படிவு அப்பியிருந்தது.

இந்தப் படிவைப் பார்த்தவுடன் "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்று சொல்லி எஞ்சினைப் பிரித்துப்போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லை நம்பி, தேவையில்லாத ஒரு பெரிய வேலைக்குச் சேமிப்பைக் கரைத்த குடும்பங்களை நான் பார்த்திருப்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான அந்தக் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் ஆயிலில் கலந்தால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்துக் காணப்படும் வாய்ப்பு அதிகம். கூலன்ட் அளவு வாரத்துக்கு வாரம் குறையும். மூடியில் மட்டும் படிவு இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தன் நிறத்தில் இருந்து, கூலன்ட் அளவும் மாறாமல் இருந்தால், எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கும் திரும்ப வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிகளில், எந்தப் பழுதும் இல்லாமலேயே குளிர்காலத்தில் இந்தப் படிவு சேரும். ஐயம் தீராவிட்டால் கூலன்ட் அமைப்பில் காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை இருக்கிறது; ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் அதைச் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

எஞ்சினின் சூட்டைக் காப்பது தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு. அதற்குள் அடைக்கப்பட்டிருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரியும்போது வால்வைத் திறக்கிறது, ஆறிச் சுருங்கும்போது ஒரு ஸ்பிரிங் அதை மூடுகிறது. 82 அல்லது 88 டிகிரி என்று அதன் தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறும்போது முழுவதும் திறக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டுமே சுற்றும். ஸ்பிரிங் சோர்ந்தாலோ, துருத் துணுக்கு ஒன்று நடுவில் சிக்கினாலோ வால்வு திறந்தபடியே நின்றுவிடும். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டிகளில் இந்தத் துரு மிக அதிகம். ஊட்டியில் தண்ணீர் எஞ்சினுக்குள் உறைந்துவிடும் என்பதைவிட, துரு பிடிக்காமல் இருப்பதற்காகத்தான் கூலன்ட் முதலில் தேவைப்படுகிறது.

சோதனையை இரவு முழுவதும் நின்ற வண்டியில்தான் தொடங்க வேண்டும் என்பதால், ஆசிரியரை வண்டியை விட்டுச் செல்லச் சொன்னேன். மறுநாள் காலை முதல் வேலையாகக் கூலன்ட் அளவைப் பார்த்தேன். அளவு குறைந்திருந்தால் ஹீட்டருக்குச் சூடான கூலன்ட் போகாது. உணரி காற்றுக் குமிழுக்குள் இருந்தால் அது காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும். அப்போது மற்ற சோதனைகள் எல்லாம் வீண். அளவு சரியாகவே இருந்தது. அடுத்து, எஞ்சின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைப் பொருத்தி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிட்டேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 7, மற்றொன்று 8 என்று காட்டியதால், உணரியை நம்பலாம் என்று தெரிந்தது. கூலன்ட் மட்டும் மைனஸ் 40 என்று காட்டியிருந்தால் உணரியின் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள். பத்துப் பதினைந்து டிகிரி விலகியிருந்தால் உணரியையோ அதன் கனெக்டரையோ பார்க்க வேண்டியிருந்திருக்கும். இந்த ஒரு நிமிட ஒப்பீட்டைச் செய்யாமல் தெர்மோஸ்டாட்டை மாற்றி, பழுது தீராமல் திரும்பி வரும் வண்டிகள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன.

எஞ்சினை இயக்கியபின் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஃபேனும் பெல்ட்டும் சுழலும் இடம் என்பதால் சட்டைக் கையும் துண்டும் தொங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், எஞ்சின் சூடேறும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே கிடந்து, வால்வு திறக்கும் கணத்தில் சட்டென்று கொதிக்கத் தொடங்கும். அந்தக் காரில் இரண்டாவது நிமிடத்திலேயே ஹோஸ் இளஞ்சூடானது. எஞ்சினும் ஹோஸும் ரேடியேட்டரும் சேர்ந்தே மெல்ல மெல்லச் சூடேறின. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், எஞ்சினுக்குள் கூலன்ட் திரும்பி நுழையும் இடத்தில் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸை நம்பாமல், கீழ் ஹோஸும் ரேடியேட்டரின் அடிப்பகுதியும் எப்போது சூடாகின்றன என்று பார்ப்பதே சரியான முறை.

பிறகு கேத்தி நோக்கி இறங்கும் சாலையில் ஸ்கேனரோடு ஓட்டிப் பார்த்தேன். மேடேறும்போது 71 வரை போன வெப்பம், இறக்கத்தில் 54க்கு வந்துவிட்டது. மலைச்சாலையின் இறக்கம் இந்தப் பழுதுக்கு மிகச் சரியான சோதனைக் களம்: கியரில் இறங்கும்போது கணினி பெட்ரோலை நிறுத்திவிடுவதால் எஞ்சினில் சூடு பிறப்பதே இல்லை, முன்னால் குளிர்காற்று மோதிக்கொண்டே இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டால் சூடு உள்ளேயே தங்கும். மூடாவிட்டால் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் எஞ்சின் ஏறக்குறைய ஆறிப்போயிருக்கும். இத்தனை மாற்றத்தையும் டேஷ்போர்டு முள் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பல கார்களில் 75 முதல் 100 டிகிரி வரை முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள்ளே இல்லாத கார்களில், எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைந்தபின் எதுவும் தெரியாது. பி0128 என்ற பிழைக் குறியீடு பதிவாகி எஞ்சின் விளக்கு எரிந்தால், கூலன்ட் எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்று கணினியே சொல்கிறது என்று பொருள். அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

ஹீட்டர் குளிர்ந்திருந்தாலே எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. ஸ்கேனரில் 90 காட்டி, ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் கொதித்து, திரும்பி வரும் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால், பழுது, ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரின் அடைப்பிலோ அதற்குள் தங்கிய காற்றிலோ இருக்கிறது. ஃபேன் ஓயாமல் ஓடுவதைப் பார்த்து அதன்மேல் பழி போடுவதும் வழக்கம். தெர்மோஸ்டாட் ஒழுங்காக மூடினால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் ரேடியேட்டரில் நிற்கும் கூலன்டை மட்டுமே அது குளிர்விக்கும், எஞ்சினைப் பெரிதாகப் பாதிக்காது. ஆகவே ஃபேனைச் சரிசெய்வது தேவைதான் என்றாலும், குளிர்ந்த எஞ்சினுக்கான விடையை அங்கே தேடுவதில் பயனில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையோ சாக்கோ கட்டி ஓட்டும் பழைய ஜீப் வழக்கத்தையும் இன்றைய கார்களில் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சமவெளிக்கு இறங்கியபின் அதை எடுக்க மறந்தால் எஞ்சினே போய்விடும்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே வால்வே இல்லை. ஆசிரியரைத் தொலைபேசியில் கேட்டபோதுதான், முந்தைய ஏப்ரலில் மலையேறும்போது வண்டி சூடாகிவிட்டதாகவும், சமவெளியில் ஒரு பணிமனையில் "வால்வை எடுத்துவிட்டோம், இனிச் சூடாகாது" என்று சொல்லி அனுப்பியதாகவும் நினைவுகூர்ந்தார். இந்தப் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சூட்டுக்கான உண்மைக் காரணத்தைத் தேடும் உழைப்பைத் தவிர்த்துவிட்டு, ஒரு பழுதை மறைக்க இன்னொரு பழுதை உண்டாக்கும் செயல் அது. மேலும், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தகடு ஒன்று உண்டு. வால்வு திறக்கும்போது அந்தத் தகடு, ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்கு வழியை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடப்பதால் கூலன்டின் ஒரு பகுதி குளிராமலே திரும்பும். அத்தகைய வண்டி குளிர்காலத்தில் சூடேறாது. கோடையில் ஆள்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறும்போது முன்பைவிட வேகமாகச் சூடாகிவிடவும் கூடும்.

அந்த வண்டி ஏப்ரலில் சூடானதற்குக் காரணம் ரேடியேட்டரிலேயே இருந்தது. ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசியும் பூச்சிகளும் கம்பளிபோல் படிந்து காற்றை அடைத்திருந்தன. ஃபேனின் அதிவேக நிலையும் வேலை செய்யவில்லை. இரண்டையும் சரிசெய்தபின், வண்டியின் தயாரிப்பாளர் குறித்துள்ள அதே டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினோம். வெளியில் விலை மலிவாகக் கிடைப்பவற்றில் 76 டிகிரியில் திறப்பவையும் கலந்திருக்கும், எனவே தகட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். காற்று வெளியேறுவதற்காக வால்வின் விளிம்பில் சிறு ஊசித்துளை இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி வைக்க வேண்டும்.

பழைய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்துப் பார்க்கும் முறை நல்லதுதான் என்றாலும், நீலகிரியில் தொழில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதில்லை, ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88இல் திறக்கத் தொடங்கி 100இல் முழுவதும் திறக்க வேண்டிய வால்வு இங்கே பாத்திரத்தில் பாதிதான் திறக்கும். அதை வைத்து நல்ல வால்வைப் பழுதென்று எறிந்துவிடக் கூடாது. தெர்மாமீட்டரை வைத்து, திறக்கத் தொடங்கும் வெப்பத்தையும், ஆறும்போது இடைவெளியே இல்லாமல் மூடுகிறதா என்பதையும் மட்டும் பார்த்தால் போதும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பழுதை இன்னும் விரைவாகக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகை மாசு விதிகளுக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்துவிட்டது. அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்வதற்குக் கணினி போதிய எஞ்சின் சூட்டை எதிர்பார்க்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தே நின்றால் அந்தச் சுத்தம் நடக்காமல் தள்ளிப்போய், கடைசியில் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும். அதன் விலைக்கு முன்னால் ஒரு தெர்மோஸ்டாட்டின் விலை ஒன்றுமே இல்லை. கடுங்குளிரில் நின்ற இடத்திலேயே ஹீட்டரை முழுவதும் திறந்துவைத்தால் நல்ல டீசல் எஞ்சினிலும் வெப்பம் சற்று இறங்கும் என்பதால், ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

ஆசிரியரின் வண்டியில் பெட்ரோல் வாடை அடித்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அமைப்பிலிருந்து காற்றை வெளியேற்றி, அதே கேத்திச் சாலையில் மீண்டும் இறக்கினேன். மேட்டில் 91, இறக்கத்தின் முடிவில் 86. வண்டியை எடுத்துப்போக வந்த ஆசிரியர், முள் நடுவில் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கினார். ஸ்கேனரில் பதிவான இரண்டு நாள் எண்களையும் அவருக்கு அருகருகே காட்டிய பிறகு, ஹீட்டரின் முன்னால் கையை நீட்டி வெகுநேரம் வைத்திருந்தார்.