விபஸ்ஸனா: சொல்லும் அதற்குத் தமிழில் ஈடும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் விபஸ்ஸனா என்னும் பௌத்தத் தியானத்தின் பத்து நாள் மௌன வகுப்புக்குப் போய்வந்தவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் இந்தச் சொல் விபாசனா, விபசனா, விபஸ்ஸனா என்று பல விதமாக வருகிறது. பாலி மொழியில் விபஸ்ஸனா, சமஸ்கிருதத்தில் விபச்யனா. நடுவில் 'பா' என்று நீட்டுவதற்கு மூலத்தில் இடமில்லை.

சொல்லோடு கூடவே ஒரு வழக்கும் ஊருக்குள் வந்துவிட்டது. "நம்மளே பார்த்தாச்சுங்க, அப்புறம் புத்தகம் எதுக்குங்க?" என்று வகுப்புக்குப் போய்வந்தவர் கேட்பார். "சூத்திரத்துல அப்படிச் சொல்லலீங்களே" என்று, புத்தரின் உரைகளாகிய சூத்திரங்களைப் படித்தவர் மறுப்பார். இரண்டு பேரும் புத்தரையே சாட்சிக்கு அழைப்பார்கள். இந்த வழக்கைத் தீர்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சொல்லின் வேரிலும், தமிழ் பௌத்தம் விட்டுப்போன சில வரிகளிலும் விடை இருக்கிறது.

பாலியில் 'பஸ்ஸதி' என்றால் காண்கிறான். 'வி' என்னும் முன்னொட்டு பிரிவையும் சிறப்பையும் பன்மையையும் குறிக்கும். நிலையாமை முதலான பல வகைகளில் காண்பதால் விபஸ்ஸனா என்று பாலி உரைகள் விளக்குகின்றன. வெறுமனே பார்ப்பது இதில் சேராது. ஒன்றாகத் திரண்டு 'நான்' என்று தோன்றுவதைப் பிரித்துப் பிரித்துக் காண வேண்டும். அப்படிக் காணும்போது அது நிலையற்றது, துன்பமானது, தனதென்று சொல்ல ஒன்றுமில்லாதது என்று தெரிய வேண்டும்.

இதே 'பஸ்ஸ' இன்னொரு புகழ்பெற்ற சொல்லிலும் இருக்கிறது. தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையைப் போற்றும் பழைய வாசகத்தில் 'ஏஹிபஸ்ஸிகோ' என்று வரும். ஏஹி என்றால் வா, பஸ்ஸ என்றால் பார். 'வந்து பார்' என்று அழைக்கத் தக்கது தம்மம் என்று பொருள். நம் ஊர் வழக்கில் 'வந்து பாருங்க' என்று சொன்னாலே போதும். நேரில் கண்டவர்கள் பக்கம் பேசுகிறவர்கள் இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். முழு வாசகத்தையும் படித்தால் அது 'ஸ்வாக்காதோ', அதாவது 'நன்றாகச் சொல்லப்பட்டது' என்று தொடங்குகிறது. முடியும் இடத்தில் 'பச்சத்தம் வேதிதப்போ விஞ்ஞூஹி', அதாவது 'அறிவுடையோர் ஒவ்வொருவரும் தமக்குள் அறியத் தக்கது' என்று நிற்கிறது. முதலில் ஒருவர் சொன்னது, கடைசியில் நாம் அறிவது. இடையில்தான் 'வந்து பார்' இருக்கிறது. அந்தக் கடைசித் தொடரிலும் 'அறிவுடையோர்' என்ற அடை இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து எல்லோரும் காட்டும் சான்று, பாலி சூத்திரத் தொகுதிகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் காலாம சூத்திரம். கேசபுத்த ஊர்க் காலாமர்கள் புத்தரிடம் வந்து, ஊருக்கு வரும் துறவிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்கிறார்கள். அதற்கு அவர் பத்தைச் சொல்லி, இவற்றை மட்டும் வைத்து ஒன்றை ஏற்காதீர்கள் என்கிறார். செவிவழி வந்தது, பரம்பரை, 'இப்படித்தானாம்' என்னும் பேச்சு, பிடகத்தில் இருக்கிறது என்பது, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பிடகம் என்றால் கூடை. புனித நூல் தொகுதிக்கு ஆகிவந்த பெயர். ஆக, நூலில் இருக்கிறது என்பதே போதாது என்று புத்தர் சொன்னது உண்மைதான்.

ஆனால் பட்டியல் அங்கே முடியவில்லை. தர்க்கம், ஊகம், காரணங்களை எண்ணிப் பார்த்தது, எண்ணி எண்ணி நம் மனம் ஒப்பிப்போன கொள்கை, இவையும் அந்தப் பத்தில் அடக்கம். சொல்பவர் தகுதியானவராகத் தெரிவதும், 'இவர் எங்கள் குரு' என்பதும் அப்படியே. 'உனக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்' என்று காலாம சூத்திரம் சொல்வதாகப் பரவியிருக்கும் கருத்துக்கு இது நேர் எதிர். நமக்குச் சரியென்று படுவதையும் சேர்த்துத்தான் அது சந்தேகிக்கச் சொல்கிறது. பிறகு என்னதான் அளவுகோல்? இவை தீயவை, குற்றமுள்ளவை, அறிவுடையோர் பழிப்பவை, கைக்கொண்டால் கேட்டுக்கும் துன்பத்துக்கும் இட்டுச் செல்பவை என்று நீங்களே அறியும்போது விட்டுவிடுங்கள் என்கிறார். பிறகு பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றையும் வைத்து அவர்களையே பதில் சொல்ல வைக்கிறார். நீங்களே அறிய வேண்டும்; ஆனால் அந்த அறிதலுக்குள் சான்றோர் சொல்லும் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து முடிவுகட்டுவது அங்கே பேசப்படவே இல்லை.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. தம் கடைசிப் பயணத்தில் போகநகரத்தில் புத்தர் நான்கு 'மகாபதேசங்களை', அதாவது ஒரு போதனை தம்முடையதா என்று சோதிக்கும் வழிகளைச் சொன்னதாக மகாபரிநிப்பான சூத்திரம் கூறுகிறது. 'நான் புத்தர் வாயாலேயே கேட்டேன்' என்று ஒருவர் சொன்னாலும் உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சொன்னதைச் சரியாக மனத்தில் வாங்கி, சூத்திரத்தோடும், துறவிகளின் ஒழுக்க விதிகளாகிய விநயத்தோடும் ஒத்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள் என்கிறார். கேட்டதற்கே இவ்வளவு சோதனை என்றால், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது ஒருவருக்குத் தோன்றியதற்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பாலி 'சுத்த' என்பதைச் சமஸ்கிருதத்தில் சூத்திரம் என்றார்கள். சூத்திரம் என்றால் இழை. நல்ல சொல் என்னும் பொருளுடைய 'சூக்த'த்திலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இழை என்று கொண்டால் தமிழில் அதற்கு நேர் ஈடு 'நூல்'. இந்தச் சொல்லைப் பற்றி மிக அழகாகச் சொன்னவர் பவணந்தி முனிவர். அவருடைய ஊராகிய சனகை பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று கொங்கில் சொல்வார்கள். நன்னூல் பாயிரத்தில் அவர் இரண்டு நூல்களைக் காட்டுகிறார். ஒன்று, பஞ்சிலிருந்து நூற்கும் இழை. சொற்களே பஞ்சு, புலவனே நூற்பவள். மற்றது தச்சர் மரத்தின் மேல் பிடிக்கும் நூல். 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு' என்கிறார். பவணந்தி சமணர், புத்தரை மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. இருந்தாலும் மகாபதேசத்தில் சூத்திரம் செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. நூல் பிடிப்பதால் மட்டும் மரம் பலகையாகிவிடாது, இழைப்பது கை. கோணல் எங்கே என்று காட்டுவது நூல்.

இனித் தமிழ் பௌத்தத்துக்கு வருவோம். அறிவு எதனால் உறுதிப்படுகிறது என்பதைப் பிரமாணம் என்பார்கள். அதற்குத் தமிழ் 'அளவை'. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று நீண்ட பட்டியலே தருகிறான். ஆகமம் என்றால் வழிவழி வந்தது, அதாவது நூலின் சொல். சைவ மரபில் இதையே 'உரை அளவை' என்பார்கள். ஆனால் 29ஆம் காதையில் பௌத்த ஆசிரியரான அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும்போது பட்டியல் சுருங்கிவிடுகிறது: 'ஆதி சினேந்திரன் அளவை இரண்டே, ஏதமில் பிரத்தியம் கருத்தளவு'. புத்தருக்குக் காட்சியும், கண்டதை வைத்துக் காணாததை அறியும் கருதலும் மட்டுமே அளவை. நூலின் சொல்லுக்குத் தனி இடம் கிடையாது. பௌத்த அறிஞர் திக்நாகர் வகுத்த தர்க்கத்தின் நிலையும் இதுதான்.

அப்படியானால் நூல் வேண்டாம் என்று ஆகிவிட்டதா? அடுத்த காதையையும் படிக்க வேண்டும். 30ஆம் காதையில் அதே அடிகள் சொல்கிறார்:

'அநித்தம் துக்கம் அநான்மா அசுசி எனத்
தனித்துப் பார்த்துப் பற்றறுத் திடுதல்'

நிலையற்றது, துன்பமானது, தனதென்று ஒன்றுமில்லாதது, தூய்மையற்றது என்று தனித்துப் பார்த்துப் பற்றை விட வேண்டும் என்பது பொருள். சற்றுத் தள்ளி,

'சுருதி சிந்தனா பாவனா தரிசனை
கருதி உய்த்து மயக்கம் கடிக'

என்கிறார். சுருதி என்றால் கேட்டல். கேட்டதைச் சிந்தித்து, சிந்தித்ததைப் பயின்று, பயின்றதைக் காண வேண்டும். கேட்டறிவு, சிந்தித்தறிவு, பயின்றறிவு என்று பாலி நூல்கள் மூன்றாகச் சொல்வதோடு தரிசனையும் சேர்ந்து இங்கே நான்காகிறது. நூலின் சொல் முதல் படியில் இருக்கிறது, காட்சி கடைசிப் படியில். நூலை அளவையாக வைக்காத அதே ஆசிரியர்தான் அதை வாசலாக வைத்திருக்கிறார். கேட்காதவருக்கு எதைக் காண வேண்டும் என்று தெரியாது. காணாதவருக்குக் கேட்டது கேட்டதாகவே நின்றுவிடும்.

இந்தப் பூசல் புதிதும் இல்லை. தியானம் செய்யும் துறவிகளும் தம்மத்தை ஆய்ந்து படிக்கும் துறவிகளும் ஒருவரையொருவர் இகழ்ந்ததையும், இரு சாராரும் மற்றவரைப் போற்றப் பழக வேண்டும் என்று புத்தரின் சீடர் மகாசுந்தர் சொன்னதையும் அங்குத்தர நிகாயம் பதிந்து வைத்திருக்கிறது. அண்மைக்கால ஆசிரியர்களும் இரண்டையும் விடவில்லை. பர்மிய விபஸ்ஸனா ஆசிரியர் மகாசி சயாடோ (1904–1982), 1954இல் இரங்கூனில் தொடங்கிய ஆறாம் சங்காயனத்தில், அதாவது பிடகத்தை ஓதிச் சரிபார்க்கும் துறவிகள் அவையில், பிடகம் முழுவதற்கும் கேள்வி கேட்கும் பொறுப்பில் இருந்தவர். 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து இந்த வகுப்புகளைப் பரப்பிய கோயங்காவின் ஆய்வு நிறுவனம்தான் பாலி திரிபிடகம் முழுவதையும் பதிப்பித்தது. 'புத்தகம் எதுக்குங்க' என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'உள்ளுணர்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தானாக மனத்தில் படுவதைக் குறிப்பது, இங்கே பொருந்தாது. 'அகநோக்கு' பாதிப் பொருள்தான் தருகிறது. உள்ளே பார்ப்பதைச் சொல்கிறது, பிரித்துக் காண்பதைச் சொல்லவில்லை. 'அனுபவம்' என்று போட்டால் அவரவர் அனுபவம் அவரவருக்கு என்று பேச்சு முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது மணிமேகலை கொடுத்திருக்கும் 'தனித்துப் பார்த்தல்'. 'வி'க்குத் தனித்து, 'பஸ்ஸனா'வுக்குப் பார்த்தல். வேரோடு வேர் பொருந்துகிறது. அதன் விளைவாக வரும் தெளிவுக்கு 'மாசறு காட்சி' என்னும் குறளின் தொடர் இருக்கிறது (352). வகுப்பின் பெயர் விபஸ்ஸனா என்றே இருக்கட்டும், அது ஊரறிந்த பெயர்.

'நற்காட்சி'யை மட்டும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். பௌத்தத்தின் எண்வழிப் பாதையில் முதல் உறுப்பான சம்மா திட்டிக்கு, அதாவது சரியான பார்வைக்கு, அதுவே தமிழ். ஆனால் விஜயமங்கலம், சீனாபுரம் என்று சமணத் தடம் ஆழமாகப் பதிந்த நம் பகுதியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சமணர் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று மூன்று மணிகளைச் சொல்லும்போது, நற்காட்சி என்பது மெய்ப்பொருள்களில் வைக்கும் தெளிந்த நம்பிக்கை. கொங்குச் சமணம் பற்றிய கட்டுரையில் நற்காட்சி என்று கண்டால் நம்பிக்கை என்றும், விபஸ்ஸனா பற்றிய கட்டுரையில் கண்டால் சரியான பார்வை என்றும் பிரித்து வாசிக்க வேண்டும்.