மழையில் உயரும் பெட்டி

ஐப்பசி அடைமழையில், வெளியே போக முடியாத ஒரு வாரத்தில் என் முதல் மரப்பெட்டியைச் செய்தேன். அம்மாவின் பட்டுப்புடவைகளையும் சில பழைய புத்தகங்களையும் வைப்பதற்காக இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு பெட்டி. மரவாடியிலிருந்து வந்த தேக்குப் பலகைகளை வந்த அன்றே அறுத்தேன். மூடி வளைந்துவிடக் கூடாது என்று அதன் உட்பக்கத்தில் குறுக்காக இரண்டு சட்டங்களை வைத்து, பசை தடவி, சட்டத்துக்கு ஐந்து ஸ்க்ரூ வீதம் இறுக்கி முடுக்கினேன். பொங்கல் வரை ஒரு குறையும் இல்லை. சித்திரையில் ஒருநாள் பார்த்தால் மூடியின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெடிப்பு. நகம் நுழையும் அகலம்.

எங்கள் தெருவில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். மூடியைத் திருப்பிச் சட்டங்களைப் பார்த்ததுமே சொன்னார்: “மழைக்காலத்துப் பலகை தம்பி. ரெண்டு பக்கமும் கட்டிப் போட்டுட்டீங்க. சுருங்கணும்னா அது எங்க போகும்?”

வீட்டில் பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் ரம்பத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பலகை எந்தத் திசையில் அசையும், எந்தத் திசையில் அசையாது என்று தெரிந்துவிட்டால் மூலையை எப்படி இணைப்பது, ஆணி எங்கே அடிப்பது, மூடியை எப்படிப் பிடிப்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

ஒரு மரத்துண்டைக் கோரைக்கட்டு போல நினைத்துக்கொள்ளுங்கள். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்களும், தண்டைத் தாங்கிய நார்களும் நெருக்கமாக அடுக்கப்பட்ட கட்டு அது. இந்தக் குழாய்கள் ஓடும் திசையைத்தான் நாரோட்டம் என்கிறோம். குழாயின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. அந்த இழைகளை லிக்னின் என்ற பொருள் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இழைகளில் பெரும்பாலானவை குழாயின் நீளவாக்கிலேயே படுத்திருக்கின்றன. முக்கியமான செய்தி இதுதான்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாய்களின் உட்குழிவில் இருப்பது ஒன்று, சுவருக்குள் இழைகளின் இடையே ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. மரம் காயத் தொடங்கும்போது முதலில் போவது குழிவில் இருக்கும் தண்ணீர். அதனால் எடை குறையும், அளவு மாறாது. குழிவுகள் காலியாகி, சுவர்கள் மட்டும் நனைந்திருக்கும் கட்டம் ஒன்று வரும். அப்போது மரத்தில் இருக்கும் நீரின் எடை, உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 28 முதல் 30 சதவீதம். இதற்கும் கீழே காய்ந்தால்தான் இழைகளுக்கு நடுவிலிருந்து நீர் விலகி, இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. மரம் சுருங்குகிறது. இழைகள் நீளவாக்கில் படுத்திருப்பதால் நெருக்கம் பக்கவாட்டில்தான் நடக்கும். இழையின் நீளம் அப்படியேதான் இருக்கும்.

தேக்கின் கணக்கைப் பார்க்கலாம். இந்தக் கட்டத்திலிருந்து முழுதாக உலரும் வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அது 5.8 சதவீதம் சுருங்குகிறது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம். நாரோட்டத் திசையிலோ பெரும்பாலான மரங்களுக்கு 0.1 முதல் 0.2 சதவீதம்தான். ஒரே பலகைக்கு மூன்று திசையில் மூன்று குணம். தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் பெற்றது. அதற்கே இப்படி.

அறுத்துக் காய்ந்த பிறகும் இது நிற்பதில்லை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்ப மரம் நீரை வாங்குகிறது, விடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 9 சதவீதம் அளவில் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 ஆனால் மரத்தின் ஈரம் 16 வரை ஏறும். அடைமழைக்கும் கோடைக்கும் இடையே அந்த அளவு மாற்றம் நம் ஊர்களில் நடக்கக்கூடியதுதான். இப்போது என் மூடியை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓரடி என்பது 305 மில்லிமீட்டர். மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் சுமார் 0.2 சதவீதம் மாறும். 16 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால் மூடியின் அகலத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல் குறைய வேண்டும். ஆனால் குறுக்குச் சட்டங்களுக்கு அது நீளவாக்கு. அவை குறைய வேண்டியது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. சுருங்க விரும்பிய பலகையைச் சுருங்காத சட்டம் பசையாலும் ஸ்க்ரூவாலும் பிடித்துக்கொண்டது. நாருக்கு நார் விலகும் திசையில் மரத்துக்குப் பலம் குறைவு. கோடாரிக்கு விறகு எளிதாகப் பிளப்பது அதனால்தானே. மூடியும் அதே திசையில்தான் பிளந்தது.

கிராமத்தில் மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைப்பார்கள். மரம் ஊதி, காம்பு நுழையும் இரும்புத் துளையான கண்ணுக்குள் இறுகிவிடும். ஆனால் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். இரும்புக் கண் விரிந்து கொடுக்காததால், ஊதிய மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. நசுங்கிய நார் காய்ந்த பிறகு பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. ஆகவே பெட்டியில் மரத்தைச் சுருங்க விடாமல் பிடிப்பது போலவே, விரிய விடாமல் நெருக்குவதும் தவறு.

சரி, அடுத்த பெட்டி.

பலகைகளை வாங்கி வந்ததும், இடையிடையே ரீப்பர் துண்டுகள் வைத்து அடுக்கி, பெட்டி இருக்கப்போகும் அதே அறையில் மூன்று வாரம் விட்டுவிட்டேன். வீட்டுக் காற்றுக்கு மரம் பழக வேண்டும். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளிலிருந்து எடுத்த பர்மா தேக்கு விற்கும் கடைகள் இருக்கின்றன. அந்த மரத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நூறு வருடத் தேக்கும் இன்றைய மழைக்கு அசையும், வயதானதால் அந்தக் குணம் போய்விடாது. செலவு குறைவாக வேண்டுமென்றால் ரப்பர் மரப் பலகை போதும், பதப்படுத்தியதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். எந்த மரமானாலும் ஓரத்தில் வெளுத்த பகுதி இருந்தால் கழித்துவிடுவது நல்லது. மரம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருந்த பகுதி அது. வண்டுகள் அதைத் தேடித்தான் வரும், உளுத்துப்போவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

பலகையின் முனையைப் பாருங்கள். வளையங்கள் வில்லாக வளைந்து தெரிந்தால், காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகை குழியும். வளையக் கோடுகள் மேலிருந்து கீழாக நேராக நின்றால் அந்தப் பலகை அகலத்தில் பாதிக்கும் குறைவாகவே அசையும். 5.8க்குப் பதில் 2.5. மூடிக்கு இப்படிப்பட்ட பலகைகளையே பொறுக்கி எடுங்கள்.

நான்கு பக்கப் பலகைகளிலும் நாரோட்டம் கிடைமட்டமாக, பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும். அப்படி வைத்தால் பெட்டியின் நீளமும் அகலமும் நாரோட்டத் திசையில் அமைந்துவிடும், அவை அசையாது. அசைவெல்லாம் உயரத்தில். நான்கு பக்கமும் ஒரே மரம் என்பதால் நான்கும் ஏறத்தாழ ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். மழைக்காலத்தில் பெட்டி சில மில்லிமீட்டர் உயரும், கோடையில் தாழும், எந்த மூலையும் இன்னொன்றோடு சண்டை போடாது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. நான்கு பலகையை இணைக்கும் சாதாரண வேலைக்குள் இப்படி ஓர் ஒழுங்கு!

மூலைகள் வலுவாக இருக்கட்டும் என்று உள்ளே செங்குத்தாக ஒரு கட்டையை வைத்து ஒட்டுபவர்கள் உண்டு. கட்டையின் நாரோட்டம் மேலிருந்து கீழ், பலகையுடையது கிடைமட்டம். என் மூடிக்கு நடந்ததே மூலைக்கும் நடக்கும். அதற்குப் பதில் குட்டைப் பக்கப் பலகையின் முனை உட்காரும்படி நெட்டைப் பக்கப் பலகையின் ஓரத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துவிட்டால், பசை பிடிக்கும் பரப்பு கூடும், பலகை நழுவாமல் நிற்கவும் இடம் கிடைக்கும்.

பசை எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால் எங்கே அதை நம்பலாம் என்பதும் தெரியும். முன்பு தச்சர்கள் மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுத்த வச்சிரத்தைக் காய்ச்சிச் சூடாகத் தடவினார்கள். இப்போது டப்பாவில் வரும் வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிடேட்டின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும் பால். மரம் தண்ணீரை உறிஞ்சியதும் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி, கலந்து, ஒரே படலமாகின்றன. அதனால் ஈர மரத்தில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது. படலம் மெல்லியதாக இருக்க வேண்டும், எனவேதான் கிளாம்ப் போட்டு நெருக்குகிறோம். இடுக்கின் நீளம் முழுக்கச் சின்னச் சின்ன முத்துகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. இழைப்புளி ஓட்டிய புதுப் பரப்பில் பிடிப்பு நன்றாக இருக்கும். தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு, இழைத்த அன்றே ஒட்டிவிடுவது நல்லது. பக்கத்துப் பக்கமாக இரண்டு பலகைகளை ஒட்டும்போது நாரும் நாரும் இணையாகப் படுவதால் ஒட்டு மரத்தளவுக்கே வலுவாக அமையும். பலகையின் வெட்டுமுனையோ திறந்த குழாய்களின் வாய், தடவிய பசையைக் குடித்துவிடும். மூலையில் பசையை மட்டும் நம்பாமல் ஸ்க்ரூவும் போடுவது இதனால்தான்.

ஆணியைப் பற்றி ஆசாரி காட்டிய ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அடிக்கும் முன் ஆணியைத் தலைகீழாக வைத்துக் கூர்நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்குவார். கூரான நுனி ஆப்பு மாதிரி நார்களை விலக்கிக்கொண்டு போகும், பலகையின் ஓரமாக இருந்தால் பிளந்துவிடும். மழுங்கிய நுனி நார்களை நசுக்கி அறுத்துக்கொண்டு இறங்கும். ஆணியைப் பிடித்துவைப்பது சுற்றியுள்ள நார்களின் அழுத்தமும் உராய்வும்தான். வெட்டுமுனைக்குள் இறங்கிய ஆணிக்கு அந்தப் பிடி குறைவு. அங்கே ஆணிகளை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று சாய்த்து அடித்தால் நேராக உருவ முடியாது. ஸ்க்ரூ போட்டால் மேல் பலகையில் அது தாராளமாக நுழையும் துளையும், அடிப் பலகையில் அதைவிடச் சிறிய துளையும் இடுங்கள். ஸ்க்ரூவின் மரை அடிப் பலகையை மட்டும் கவ்வி இழுக்க வேண்டும். இரண்டையும் கவ்வினால் நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே நிற்கும்.

பசை காயும் முன் பெட்டி கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம்கூட வேண்டாம், ஒரு கயிறு போதும். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் அது செவ்வகம். நீளமாக இருக்கும் குறுக்கின் இரண்டு மூலைகளையும் அழுத்தினால் சரியாகிவிடும்.

அடிப்பாகத்துக்கு பிளைவுட். அதில் மெல்லிய மரத்தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒரு தாளின் அசைவை அடுத்த தாளின் நீளவாக்கு நார் தடுத்துவிடும். பெட்டியின் நீள அகலமும் அசையாதவை, பிளைவுட்டும் அசையாதது, ஆகவே தைரியமாகப் பசை போட்டு முடுக்கலாம்.

மூடிதான் மிச்சம். குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் மூடி குழியும், இருந்தால் வெடிக்கும் என்று எனக்குப் பயம். ஆசாரியின் வழி எளிமையானது. சட்டத்துக்குப் பசையே கிடையாது. கீல் இருக்கும் பின்பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ மட்டும் இறுக்கமான துளையில். அதே சட்டத்தின் மற்ற இரண்டு ஸ்க்ரூவுக்கும் சட்டத்தின் நீளவாக்கில் நீள்துளை, ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே ஒரு வாஷர். பலகையைத் தட்டையாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் முன்னும் பின்னும் நகர விடும். பழைய வீட்டுக் கதவுகளிலும் சட்டத்தின் காடிக்குள் பலகை பசையில்லாமல்தான் நிற்கிறது, போய்த் தட்டிப் பாருங்கள். மூடியின் முன்விளிம்பைப் பெட்டியைவிட ஐந்து மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிட்டேன். சுருங்கினாலும் பெட்டியின் வாயை அது மூடியிருக்கும்.

பூச்சு ஈரத்தைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். வார்னிஷ் ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பலகையின் வெளிப்பக்கம் மட்டும் பூசி உட்பக்கத்தை விட்டால், ஒரு பக்கம் சீக்கிரம் ஈரம் வாங்கிப் பலகை குழியும். இரண்டு பக்கமும் பூசுங்கள். துணி வைக்கும் பெட்டியின் உட்பக்கத்துக்கு அரக்குப் பூச்சு நல்லது, எண்ணெய் பூசினால் மூடிய இடத்தில் அதன் வாடை போகாது. வெளிப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகும். சுருட்டிய துணிக்குள் வெப்பம் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் சேர்க்கவும்.

இந்த இரண்டாவது பெட்டி செய்து நான்கு வருடம் ஆகிறது. மூடியின் உட்பக்கம், சட்டத்தின் முன்முனை எங்கே வருகிறதோ அங்கே ஒவ்வொரு மே மாதமும் நவம்பரும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வருகிறேன். மே மாதக் கோடுகள் ஒரு பக்கம் கூடியிருக்கின்றன, நவம்பர்க் கோடுகள் இன்னொரு பக்கம். இடையில் இரண்டு மில்லிமீட்டர்.